மண்ணெண்ணெய்க் காரும் டர்போ காரும்

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளின் பின்னர், 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. ஆனால் வரிகளையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தால் புதிய கார் என்பது நடுத்தரக் குடும்பத்துக்கு இன்னமும் எட்டாக்கனிதான். ஆகவே கையிலிருக்கும் சிறிய காரையே பேணிக் காலந்தள்ளுகிறோம். இளைஞர்கள் காலந்தள்ளுவதோடு நின்றுவிடுவதில்லை. 800 சிசி அல்ரோவுக்கும் 1000 சிசி காருக்கும் டர்போ பொருத்தினால் என்ன என்று பருத்தித்துறையிலும் நெல்லியடியிலும் பேச்சு அடிபடுகிறது. கனடாவிலோ இலண்டனிலோ இருக்கும் மாமன் காசு அனுப்பினால் பேச்சு செயலாகிவிடுகிறது.

இந்த ஆசையைப் பழிக்க நான் வரவில்லை. இயந்திரத்தைத் திறந்து பார்க்கத் துணியும் பிள்ளை, கைத்தொலைபேசிக்குள் தலைபுதைத்துக் கிடக்கும் பிள்ளையைவிட எனக்கு உகந்தவன். ஆனால் இவர்களது பேச்சில் எப்போதும் முதலில் வருவது டர்போவின் பெயர், அடுத்து விலை, அதற்கடுத்து எத்தனை குதிரைவலு என்ற கேள்வி. எரிபொருளைப் பற்றியும் வெப்பத்தைப் பற்றியும் பேச்சே எழுவதில்லை. வரிசை தலைகீழாக இருக்கிறது என்பதே என் குற்றச்சாட்டு. சரியான வரிசையை அறிய அந்நிய நாட்டுப் புத்தகம் எதனையும் புரட்ட வேண்டியதில்லை. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னர் இதே ஊர்களின் கராஜ்களில் அது நடைமுறையில் இருந்தது.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டதைத் தொடர்ந்து குடாநாட்டின்மீது பொருளாதாரத் தடை விழுந்தது. பெற்றோல், டீசல், பற்றரி, வாகன உதிரிப்பாகங்கள் எல்லாமே தடைப்பட்டன. மின்சாரம் இல்லை. பத்திரிகைத் தாள் கிடைக்காமல் கோடிட்ட கொப்பித்தாளில் நாளிதழ்கள் அச்சிடப்பட்ட காலம் அது. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டோம். மண்ணெண்ணெய் மட்டும், அதுவும் மட்டுமட்டான அளவில், கிடைத்தது. அந்த மண்ணெண்ணெயில்தான் ஒஸ்ரின் ஏ40 கார்களும் மொரிஸ் மைனர்களும் மோட்டார் சைக்கிள்களும் ஓடின. மந்திகை ஆஸ்பத்திரிக்குப் போன கர்ப்பிணிகளையும், 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி தொடங்கிய பெரும் இடப்பெயர்வில் நடக்கமுடியாத முதியவர்களையும் சுமந்தவற்றுள் அந்தப் புகைகக்கிய கார்களும் அடங்கும்.

பெற்றோல் எஞ்சின் ஒன்றை மண்ணெண்ணெயில் ஓட்டுவது லேசுப்பட்ட வேலையல்ல. முதலாவது சிக்கல், மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாவதில்லை. குளிர்ந்த எஞ்சின் அதில் உயிர்பெறாது. ஆகவே சிறு போத்தலில் பொன்னைப்போலக் காத்துவைத்த பெற்றோலைக் காபரேற்றருக்குள் சிறிது விட்டு ஸ்ரார்ட் செய்வார்கள். எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். இரண்டாவது சிக்கல் ஒக்ரேன். அமுக்கத்தையும் வெப்பத்தையும் தாங்கி, தானாகப் பற்றிக்கொள்ளாமல் நிற்கும் வலிமையின் அளவு அது. பெற்றோலுக்கு அது 90க்கு மேல். மண்ணெண்ணெய்க்கு மிகக் குறைவு. உள்ளே இழுத்த கலவையை ஏழில் ஒரு பங்காக மட்டும் அமுக்கும் பழைய பிரித்தானிய எஞ்சின்கள் அதை ஒருவாறு சகித்துக்கொண்டன. பதினொன்றில் ஒரு பங்காக அமுக்கும் இன்றைய வாகன் ஆர் அந்த மண்ணெண்ணெயில் சில மைல்களுக்குள் சிதைந்திருக்கும். மூன்றாவது சிக்கல், எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி வழிந்து எஞ்சின் ஒயிலை நீர்த்துவிடும். ஒயிலை அடிக்கடி மாற்றாவிட்டால் பெயரிங் தேய்ந்துபோகும். ஒயிலுக்கோ தட்டுப்பாடு.

பிரித்தானியாவில் இதே வேலையைத் தொழிற்சாலையே செய்து கொடுத்தது. 1940களின் பேர்கசன் உழவு இயந்திரங்களில் ஒரு வகை, பெற்றோலில் ஸ்ரார்ட் ஆகி, மண்ணெண்ணெய்க்கு நெருங்கிய மலிவான எண்ணெய்க்கு மாறும்படி வடிவமைக்கப்பட்டது. அதற்காக எஞ்சினின் அமுக்க விகிதத்தை ஐந்தளவுக்குக் குறைத்தார்கள். எமது மெக்கானிக்குகளுக்கு வரைபடமும் இல்லை, ஆய்வுகூடமும் இல்லை. டைமிங்கைக் கையால் சற்றுப் பின்தள்ளிவிட்டு, எஞ்சினில் தட்டும் சத்தம் அடங்குகிறதா என்று காதுகொடுத்துக் கேட்டார்கள். பிளக்கைக் கழற்றிக் கரியின் நிறத்தைப் பார்த்துக் கலவையைத் திருத்தினார்கள். 'இந்த எரிபொருள் எதைத் தாங்கும், இந்த எஞ்சின் எதைத் தாங்கும்' என்ற கேள்விதான் எல்லாவற்றுக்கும் முன்னே நின்றது.

அந்தக் காலத்தைப் பொற்காலமாக்க எனக்கு விருப்பமில்லை. எஞ்சின்கள் பாழாகின, புகையில் கண் எரிந்தது, திறந்த காபரேற்றருக்குள் பெற்றோல் விடுவது நெருப்போடு விளையாடுவது. தேவை பிடரியில் நின்று தள்ளியதால் செய்தார்கள். ஆனால் அவர்கள் எல்லையை அறிந்து செய்தார்கள். டர்போ பொருத்த விரும்பும் தம்பிமார் பற்றிக்கொள்ள வேண்டியது அந்த அறிவைத்தான்.

டர்போ புதிய சங்கதியல்ல. சுவிஸ் பொறியியலாளர் அல்பிரெட் பூக்கி அதற்கு முதற் காப்புரிமை பெற்றது 1905இல். வீணே வெளியேறும் புகையால் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே அச்சிலுள்ள மற்றச் சக்கரத்தால் எஞ்சினுக்குள் அதிக காற்றை அமுக்கி ஏற்றுவதே அதன் வேலை. சிறிய காருக்கு அது ஒவ்வாதது என்றும் சொல்லமுடியாது. சுசுகி 1987இல் வெளியிட்ட அல்ரோ வேர்க்ஸ் வெறும் 543 சிசி எஞ்சினிலிருந்து 64 குதிரைவலுவை எடுத்தது. யப்பானியக் குறுங்கார்கள் இந்த 64ஐத் தாண்டுவதில்லை என்ற வழக்கமே அதன்பின்தான் வந்தது. ஆனால் அங்கே தொழிற்சாலை என்ன செய்கிறது என்று பாருங்கள். 660 சிசி வாகன் ஆர் எஞ்சினில் டர்போ இல்லாத வகையின் அமுக்க விகிதம் 11 அளவில்; டர்போ உள்ள வகையில் அது 9 அளவில். அதோடு பிஸ்டன், ஒயில் ஓட்டம், இன்ஜெக்ரர், கணினி நிரல் எல்லாம் மாறுகின்றன. டர்போ அந்த முழு ஏற்பாட்டின் ஓர் அங்கம் மட்டுமே. எமது கராஜில் நாம் செய்ய நினைப்பதோ அந்த ஓர் அங்கத்தை மாத்திரம் வாங்கிப் பூட்டுவது.

கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். 1000 சிசி எஞ்சின் ஒரு சுற்றுக்கு அரை லீற்றர் காற்றை இழுக்கிறது. நிமிடத்துக்கு 6000 சுற்றில் அது 3000 லீற்றர். நடைமுறையில் 85 சதவீதம்தான் நிரம்பும் என்று கொண்டால் ஏறத்தாழ 3 கிலோகிராம் காற்று. நிமிடத்துக்கு ஒரு கிலோ காற்று 22 குதிரைவலு அளவில் தரும் என்பது பரவலாகக் கைக்கொள்ளப்படும் கணக்கு. ஆகவே 66. அந்த அளவுக் கார்களின் விபரப் பட்டியலும் ஏறக்குறைய இதையே சொல்லும்.

இப்போது டர்போவால் அமுக்கத்தை ஒன்றரை மடங்காக்குகிறோம். வலுவும் ஒன்றரை மடங்காகிவிடும் என்பதுதான் பொதுவான நம்பிக்கை. ஆகாது. அமுக்கப்படும் காற்று சூடேறும். பருத்தித்துறையின் 32 பாகை வெயிற் காற்று, நல்ல டர்போவுக்குள் ஒன்றரை மடங்கு அமுக்கப்பட்டு வெளிவரும்போது 85 பாகையாகிவிடும். சூடான காற்று ஐதானது. உண்மையில் எஞ்சினுக்குள் கூடுதலாகப் போவது 27 சதவீதக் காற்றுத்தான். இடையில் இன்ரர்கூலர் ஒன்றைப் பூட்டி அதை 50 பாகைக்குக் குளிர்வித்தால் 40 சதவீதத்தைத் தாண்டலாம். இன்ரர்கூலரை ஆடம்பரம் என்று தவிர்ப்பவர், காசு கொடுத்து வாங்கிய காற்றில் ஒரு பகுதியை வெப்பத்துக்குத் தாரைவார்க்கிறார். அதைவிடப் பாதகமானது, 85 பாகைக் காற்றை உள்ளே விட்டுத் தட்டலைத் தாமே விருந்துக்கு அழைக்கிறார்.

தெரிவு பற்றியும் சொல்லவேண்டும். பெரிய டர்போ பெரிய வலு தரும் என்பது இன்னொரு மயக்கம். நிமிடத்துக்கு நான்கு கிலோ காற்றுக் கேட்கும் எஞ்சினுக்கு, இரண்டு லீற்றர் காரிலிருந்து கழற்றிய டர்போவைப் பூட்டினால், அதன் சக்கரத்தைச் சுழற்றப் போதிய புகை 4000 சுற்றுக்குக் கீழே கிடைக்காது. சந்திக்குச் சந்தி நிறுத்தும் எமது வீதிகளில் எஞ்சின் பெரும்பாலும் 4000க்குக் கீழேதான் ஓடுகிறது. ஆக, வேண்டிய இடத்தில் மந்தம், வேண்டாத இடத்தில் திடீர்ப் பாய்ச்சல். வீதியில் ஓடும் சிறிய காருக்குக் குறுங்காரின் சிறு டர்போவே பொருந்தும். அமுக்கமும் வளிமண்டலத்தின் மேல் 0.3 முதல் 0.5 பார் வரை போதும். அதற்கு மேலே போக விரும்புபவர் எஞ்சினைப் பிரித்துப் பிஸ்டனிலிருந்து தொடங்கட்டும்.

பூட்டுவதைவிடச் சரிசெய்வதே கடினம். டர்போ இல்லாத காரின் அமுக்க உணரி வழக்கமாக வளிமண்டல அளவுவரைதான் வாசிக்கும். அதற்கு மேல் எவ்வளவு காற்று வந்தாலும் கணினி குருடு. கூடுதற் காற்றுக்குக் கூடுதற் பெற்றோல் விடவேண்டும் என்பது அதற்குத் தெரியாது. சாதாரண ஓட்டத்தில் ஒரு பங்கு பெற்றோலுக்கு 14.7 பங்கு காற்று. அமுக்கத்தின் கீழ் 12க்கு அண்மையில் இருந்தால்தான் வெப்பம் கட்டுக்குள் நிற்கும். இந்த எண்ணைக் காதால் கேட்கமுடியாது, பிளக்கின் நிறத்தாலும் உறுதிசெய்ய முடியாது. அகல்வீச்சு ஒட்சிசன் உணரி ஒன்றும் நிரல் மாற்றக்கூடிய கணினியும் வேண்டும். டைமிங்கையும் அமுக்கத்துக்கு ஏற்பப் பின்தள்ளவேண்டும். மண்ணெண்ணெய்க் காலத்து மெக்கானிக் காதால் கேட்டுத் திருத்தியது, அந்த எஞ்சின் மெல்லத் தட்டி எச்சரித்ததால். டர்போ எஞ்சின் அவ்வளவு அவகாசம் தராது. ஒரு சில விநாடித் தட்டலில் பிஸ்டனின் வளையமேடு உடைந்துவிடலாம்.

எந்தப் பெற்றோலுக்குச் சரிசெய்வது? 92க்குத்தான் என்பது என் பிடிவாதமான கருத்து. 95ஐ நம்பி இழுத்துக் கட்டிய கார், 95 கிடைக்காத நாளில் நஞ்சு குடித்ததற்குச் சமம். 2022ஐ மறந்துவிட்டோமா? ஜூன் இறுதியில் 92 பெற்றோல் லீற்றர் 470 ரூபாவானது. ஜூலையில் கியூஆர் அட்டை வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றர் என்றார்கள். ஓகஸ்டில் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்குத் தாவியது. எமது கரையோரப் படகுகள் அதன் சுமையைத் தாங்கின. எரிபொருள் விடயத்தில் இந்த மண் இருமுறை அடிபட்டிருக்கிறது. கிடைக்கக்கூடிய மிக மோசமான எரிபொருளைக் கருதிச் சரிசெய்வதே இங்கு விவேகம்.

வேகம் கூடினால் நிறுத்துவது யார் என்ற கேள்வியும் உண்டு. 60 கிலோமீற்றர் வேகத்தில் ஓடிய காரை 80இல் ஓட்டினால் பிரேக் அடக்கவேண்டிய ஆற்றல் ஏறத்தாழ 78 சதவீதம் கூடுகிறது. 12 அங்குலச் சில்லும் அதற்கேற்ற சிறிய பிரேக்கும் 47 குதிரைவலுவுக்கென்று அமைக்கப்பட்டவை. பருத்தித்துறை – யாழ்ப்பாணம் வீதி முப்பது கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். அந்தத் தூரத்துக்குள் பாடசாலைகள் எத்தனை, கோயில்கள் எத்தனை, குறுக்கே வரும் மாடுகளும் சைக்கிள்களும் எத்தனை? பிரேக்குக்கும் ரயருக்கும் காசு ஒதுக்காதவர் டர்போவைப் பற்றிப் பேசவே கூடாது. காப்புறுதி நிறுவனத்துக்கும் மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்களத்துக்கும் தெரியாமல் செய்யும் மாற்றம், விபத்து நடந்த அன்றுதான் தன் விலையைக் காட்டும்.

ஆகவே தம்பிமாருக்கு என் யோசனை இது. முதலில் எஞ்சினின் அமுக்கத்தைச் சோதியுங்கள். தேய்ந்த எஞ்சினுக்கு டர்போ தேவையில்லை, ஓய்வே தேவை. பின்னர் பிரேக், ரயர். அடுத்து உணரியும் கணினியும். டர்போவைக் கடைசியாக வாங்குங்கள். இந்தக் கணக்கைக் கூட்டிப் பார்த்தபின் தொழிற்சாலையிலேயே டர்போவோடு வந்த குறுங்கார் ஒன்று மலிவு என்று தோன்றினால், தயங்காமல் அதை வாங்குங்கள்.

ஊர்ப் பெரியவர்களிடமும் ஒரு கேள்வி. 1838இல் தொடங்கிய ஹாட்லிக் கல்லூரியின் ஊர் இது. பொறியியலாளரையும் மருத்துவரையும் கொண்டாடத் தெரிந்த நாம், கராஜில் நிற்கும் பிள்ளையை இன்றுவரை 'படிப்பு ஏறாதவன்' என்றுதானே பார்க்கிறோம்? கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இருக்கிறது. இலங்கை – ஜேர்மன் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. எமது ஊர் மெக்கானிக்குகள் வார இறுதியில் சென்று அளவுக் கருவிகளோடு பழக ஒரு வழி செய்வது அவ்வளவு பெரிய காரியமா? புலம்பெயர்ந்த மாமன்மார் ஒரு பிள்ளைக்கு ஒரு டர்போ அனுப்புவதற்குப் பதில், பலர் சேர்ந்து ஒரு கராஜுக்கு ஓர் உணரித் தொகுதியை அனுப்பினால் ஊரே பயன்பெறும்.

மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய மெக்கானிக்குகள் இன்று எழுபதைக் கடந்துவிட்டார்கள். எந்தக் காருக்கு எவ்வளவு டைமிங் தள்ளினார்கள், எது உடைந்தது, எது தாங்கியது என்பவற்றை ஒருவரும் எழுதிவைத்ததாக நான் காணவில்லை. டர்போ வாங்கக் காசு சேர்க்கும் மாதங்களில், அவர்களில் ஒருவரைத் தேடிச் சென்று ஒரு கொப்பியில் அதை எழுதிவாருங்கள்.