ஒழுங்கற்ற வினை என்னும் வீண் அச்சம்

இந்தியப் பல்கலைக்கழக வகுப்புகளில் ஸ்பானிய மொழி கற்போர் பலர் தயங்கி நிற்கும் இடம் இறந்தகால சப்ஜங்டிவ். நடவாததையும் விரும்பியதையும் ஐயத்துக்குரியதையும் சொல்லும் வினைவடிவம் அது. வினை ஒழுங்கற்றதாகவும் தற்சுட்டாகவும் அமைந்துவிட்டாலோ நீண்டதொரு அட்டவணை கையில் தரப்படுகிறது. தேர்வு முடிந்ததும் அது மறந்துபோகிறது.

அந்த அட்டவணையே தேவையற்றது. முற்றுப்பெற்ற இறந்தகாலத்தின் படர்க்கைப் பன்மையை அறிந்தவருக்கு இவ்வடிவம் முழுவதும் கைவந்துவிடும். 'போனெர்சே' என்ற வினைக்கு அப்பன்மை 'சே புசியேரோன்'. ஈற்றிலுள்ள 'ரோன்' போய் 'ரா' வந்தால் 'சே புசியேரா'. இவ்வாறே 'இர்சே' என்பதன் 'சே ஃபுவேரோன்' 'சே ஃபுவேரா' ஆகும். 'தோர்மிர்சே' என்பதன் 'சே துர்மியேரோன்' 'சே துர்மியேரா' ஆகும். இவ்விதிக்கு ஒரு விலக்குகூட இல்லை. விலக்கே இல்லாத விதியை ஒழுங்கின்மையின் தலைப்பில் கற்பிப்பது விந்தைதான்!

இப்பொருத்தம் தற்செயலன்று. படர்க்கைப் பன்மையும் 'ரா' வடிவமும் அதன் இணையான 'சே' ஈற்று வடிவமும் லத்தீனின் ஒரே முற்றுவினை அடியிலிருந்து கிளைத்தவை. 'ரா' வடிவம் லத்தீனில் சப்ஜங்டிவே அன்று. முன்னரே முடிந்துவிட்ட செயலைக் கூறிய செய்திவடிவம். இவ்வரலாற்றுக்குப் பத்து நிமிடம் ஒதுக்கினால் மனப்பாடச் சுமை பாதி குறையும். படர்க்கைப் பன்மையையும் மனப்பாடம்தானே செய்ய வேண்டும் எனலாம். உண்மையே, ஆனால் அது முந்தைய பாடத்திலேயே கற்க வேண்டியது.

தற்சுட்டுப் பகுதியில் வடிவச் சிக்கல் இல்லை. மே, தே, சே, நோஸ், ஓஸ், சே என்பவை வினைக்கு முன் தனித்து நிற்கும், அவ்வளவே. கவனம் வேண்டுவது பொருளில். 'தோர்மிர்' தூங்குதல், 'தோர்மிர்சே' உறங்கிப்போதல். 'இர்' போதல்; 'இர்சே' ஓரிடத்தை விட்டு நீங்குதல். தமிழ் மாணவருக்குக் 'கழுவு', 'கழுவிக்கொள்' என்ற வேறுபாடு சில இடங்களில் துணைபுரியும், எல்லா இடத்திலும் அன்று.

அரபியிலிருந்து ஸ்பானியத்துக்கு வந்த 'ஓஹாலா' என்ற சொல்லை முன்வைத்து 'ஓஹாலா சே ஃபுவேரா' என்றால், அவர் போய்விட்டால் நன்றாயிருக்குமே என்ற ஏக்கம் மூன்று சொல்லில் முடிந்துவிடும். அட்டவணையைப் பிழையின்றி நிரப்பும் மாணவர் இவ்வாக்கியத்தைச் சொல்லத் திணறுகிறார். வினாத்தாளும் பெரும்பாலும் அட்டவணையைத்தான் கேட்கிறது.