பத்து நாள் பொறுத்தால் கையெழுத்தே வேண்டாம்

தீபாவளி முடிந்த மறுவாரம் வெம்பக்கோட்டைப் பக்கம் போனால் ஊரே அடங்கிக் கிடக்கும். நாடெல்லாம் வெடித்து முடித்த பிறகுதான், அந்த வெடியைச் செய்து கொடுத்த ஊருக்கு ஓய்வு. ஆலைகள் பூட்டிக் கிடக்கும். விடிகாலையில் ஆட்களை ஏற்றிப்போகும் வேன்கள் வேப்பமரத்தடியில் நிற்கும். அப்பாக்கள் பட்டப்பகலில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பதை அந்த ஊர்ப் பிள்ளைகள் வருடத்துக்கு ஒருமுறை இந்த நாட்களில்தான் பார்ப்பார்கள்.

இந்தக் கதையின் அப்பாவுக்கு வயது 48. ஒரு பட்டாசு ஆலையில் போர்மேன். அம்மா வேறொரு ஆலையில் பேக்கிங் பிரிவு. ஒரே மகள். 2025 ஜூனில் கோவையில் கல்லூரி சேர்ந்தவள், முதல் தீபாவளி லீவுக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். அந்த வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்.

வந்த மூன்றாம் நாள், சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பாவின் பக்கத்தில் ஒரு தாளை வைத்தாள்.

“என்ன தாயி இது?”

“ஜனவரியில கிளாஸ் பிள்ளைங்க எல்லாம் மலை ஏறப் போறோம்ப்பா. சாடிவயல் – சிறுவாணிப் பாதை. எனக்கு இன்னும் 18 முடியல. வீட்டுல சம்மதம்னு கையெழுத்து வேணும்.”

அப்பா கையைக் கழுவிவிட்டு வந்தார். தாளை எடுத்துப் படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஒன்றும் சொல்லவில்லை. அந்த வீட்டில் அதற்கு ‘இல்லை’ என்றுதான் அர்த்தம்.

முதல் ஏற்றம்: தோளில்

இந்தப் பிள்ளைக்கு மலை புதிதல்ல. மலையைக் காட்டியதே அந்த அப்பாதான்.

2013 ஆடி அமாவாசை. அவளுக்கு ஐந்து வயது. வத்திராயிருப்பு வழியாகத் தாணிப்பாறை போய், அங்கிருந்து சதுரகிரி ஏறினார்கள். ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி எப்படி இருக்கும் என்று தென்மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முன்னால் போகிறவரின் குதிகாலைப் பார்த்தபடியே ஏற வேண்டும். வழுக்குப்பாறை வரைக்கும் நடந்த பிள்ளை, சங்கிலிப்பாறையில் உட்கார்ந்துவிட்டது. அதற்கு மேல் சுந்தரமகாலிங்கம் சந்நிதி வரை அப்பாவின் தோள்தான். அவர் தலைமுடியைக் கடிவாளம் மாதிரி பிடித்துக்கொண்டு, “அந்தா குரங்கு, இந்தா குரங்கு” என்று எண்ணிக்கொண்டே போனாள்.

அன்றைக்கு அவருக்குப் பயமே இல்லை. பிள்ளை தோளில் இருக்கும்வரை எந்த அப்பாவுக்கும் பயம் வருவதில்லை. தன் கால் எங்கே ஊன்றுகிறது என்பது தனக்குத் தெரியும் அல்லவா?

பயம் பிறகு ஒவ்வொன்றாக வந்தது. 2015 மே மாதம் அதே சதுரகிரியில் திடீர் மழை பெய்து, ஓடைகளில் காட்டாறு வந்து, பக்தர்கள் உயிரிழந்தார்கள். தான் பிள்ளையைச் சுமந்து கடந்த ஓடைகளை அவர் டிவியில் பார்த்தார். அடுத்தது 2018 மார்ச் 11, தேனி மாவட்டம் குரங்கணி. காய்ந்த புல் சரிவில் பரவிய காட்டுத் தீயில் மலையேறப் போனவர்கள் சிக்கிக்கொண்டார்கள். 20-க்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். அதில் இளம் வயதுப் பெண்கள் பலர். தீ என்றால் என்னவென்று அந்த வட்டாரத்தில் யாருக்கும் விளக்க வேண்டாம். அந்த வாரம் முழுக்க ஆலையில் சாப்பாட்டு நேரத்தில் அதே பேச்சாக இருந்தது.

இரண்டாம் ஏற்றம்: கைப்பிடியில்

அதே 2018 அக்டோபரில் பட்டாசு பற்றி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. பசுமைப் பட்டாசு மட்டும், பேரியம் நைட்ரேட் கூடாது. தீபாவளி முடிந்து பூட்டிய ஆலைகள் மாதக்கணக்கில் திறக்கவில்லை. வேலை இல்லை, கூலி இல்லை. அந்த வீட்டில் அம்மாவின் இரண்டு வளையல்கள் அடகுக்கடைக்குப் போயின.

2019 தை அமாவாசைக்கு, “கையில காசுதான் இல்ல. காலும் நேரமும் இருக்குல்ல?” என்று அம்மாதான் கிளப்பினார். புளிசாதம் கட்டிக்கொண்டு மூவரும் சதுரகிரி ஏறினார்கள். மகளுக்கு அப்போதுதான் 11 முடிந்திருந்தது. இந்த முறை தோள் இல்லை, கை மட்டும். கோரக்கர் குகை தாண்டியதும் அந்தக் கையையும் உருவிக்கொண்டாள். இரட்டை லிங்கத்துக்கு அவள்தான் முதலில் போய்ச் சேர்ந்தாள். மூச்சு வாங்க வந்த அப்பாவைப் பார்த்து, “உங்களுக்காகத்தான் நிக்கேன்” என்றாள்.

அந்த வீட்டில் இன்றைக்கும் பேசப்படும் பயணம் அதுதான். எதை வாங்கினோம், எங்கே தங்கினோம் என்று சொல்ல ஒன்றுமில்லை. வருமானமே இல்லாத வருடத்தில் மூன்று பேரும் நாள் முழுக்கச் சேர்ந்து நடந்தார்கள், அவ்வளவுதான்.

அதன் பிறகு மலைக்குப் போகவில்லை. கொரோனா வந்தது. 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளம் விபத்து நடந்தது. அன்று அப்பா வேலை பார்த்தது வேறு ஆலைதான். ஆனால் சத்தம் கேட்டதும் எல்லா வீட்டுப் பெண்களும் போல அந்த வீட்டு அம்மாவும் மகளும் தெருவுக்கு ஓடி வந்து போனில் எண்ணை அழுத்திக்கொண்டே நின்றார்கள். ஆலைக்குள் போன் கூடாது. எடுக்க மாட்டார் என்று தெரியும். தெரிந்தும் அழைத்தார்கள். அப்பா சாயங்காலம் வந்து படியேறியபோது மகள் ஒன்றும் பேசாமல் ஒரு செம்புத் தண்ணீரை நீட்டினாள். அப்போது அவளுக்கு வயது 13. கேட்காமலே காத்திருக்க அவள் கற்றுக்கொண்டது அன்றைக்குத்தான்.

மேட்டில் நடந்த பேச்சு

கையெழுத்துத் தாள் சட்டைப் பைக்குப் போன மறுநாள் காலை, அப்பா மகளை நடக்கக் கூப்பிட்டார். வைப்பாற்று அணைப் பக்கம் போய், விஜயகரிசல்குளம் மேட்டுப் பக்கமாகத் திரும்பும் நடை. சின்ன வயதிலிருந்து அவர்களுக்குப் பழகிய பாதை. மழை பெய்து கழுவிய வானம். மேற்கே மலைத்தொடர் நீலமாகத் தெரிந்தது.

அந்த மேட்டில்தான் 2022 மார்ச்சில் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழாய்வைத் தொடங்கியது. அதன் பிறகு மூன்று கட்டமாக நடந்ததில் சங்கு வளையல், கண்ணாடி மணி, சுடுமண் பொம்மை, பகடைக்காய் என்று என்னென்னவோ கிடைத்தன. 2024-இல் தொடங்கிய மூன்றாம் கட்டத்தில் திமிலோடு காளை செதுக்கிய சூதுபவள மணி கிடைத்தது. மகளுக்கு இதில் எல்லாம் பிடித்தது ஒன்றுதான். பானை ஓட்டை வட்டமாகத் தேய்த்துச் செய்த ஆட்டச் சில்லு. அவள் தெருவில் பாண்டி ஆடியபோது தேய்த்து வைத்துக்கொண்ட அதே வட்டச் சில்லு.

“அந்தக் காலத்துலயும் பிள்ளைங்க தெருவுல ஆடியிருக்குங்க. ‘போதும் வா உள்ள’ன்னு கூப்பிட ஒரு அப்பாவும் இருந்திருப்பாருப்பா” என்றாள்.

அப்பா சிரிக்கவில்லை. “பயமா இருக்கு தாயி” என்றார். இத்தனை வருடத்தில் அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை அவள் கேட்டது அதுதான் முதல் முறை.

“தினமும் காலையில நீங்க வேலைக்குப் போறப்ப எனக்கும் அம்மாவுக்கும் அப்படித்தாம்ப்பா இருக்கும். உங்களப் போகாதீங்கன்னு சொன்னோமா?”

“அது பொழைப்பு.”

“சரி. பயந்துக்கிட்டேவா வேலை பாக்கீங்க?”

அவர் யோசித்தார். இல்லை. போர்மேன் பயந்தால் வேலை நடக்காது. ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் கூடாது. உள்ளே போகுமுன் செம்புத் தகட்டைத் தொட்டு உடம்பிலுள்ள மின்சாரத்தை இறக்க வேண்டும். பருத்தித் துணிதான் உடுத்த வேண்டும். மருந்துக் கலவை வெயில் ஏறுமுன் முடிந்துவிட வேண்டும். கலந்த மருந்தை மறுநாளைக்கு மிச்சம் வைக்கக் கூடாது. இடி இடித்தால் போட்டது போட்டபடி வெளியே வந்துவிட வேண்டும். கதவுகள் வெளிப்பக்கம் திறக்க வேண்டும், குறுக்கே ஒரு பெட்டிகூட இருக்கக் கூடாது. இருபது வருடமாக இதைத்தான் அவர் அடுத்தவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார். விபத்துச் செய்தி வரும்போதெல்லாம், இதில் எது தவறியது என்றுதான் அவர் மனம் முதலில் தேடும்.

“சரி, உங்க மலைக்கு என்ன சட்டம்?” என்று கேட்டார். குரல் போர்மேன் குரலாக மாறியிருந்தது.

மகள் சொன்னாள். 2024 அக்டோபர் 24 அன்று அரசு தொடங்கிய மலையேற்றத் திட்டம். 14 மாவட்டங்களில் 40 பாதைகள். எளிது, நடுத்தரம், கடினம் என்று தரம் பிரித்திருக்கிறார்கள். ஆன்லைனில்தான் பதிவு. பயிற்சி பெற்ற, காட்டோரத்து ஊர்க்காரர்களே வழிகாட்டிகளாகக் கூட வருவார்கள். நம் மாவட்டத்திலேயே செண்பகத்தோப்பு – புதுப்பட்டிப் பாதை இருக்கிறது.

“தீக்காலத்துல?”

“பிப்ரவரி நடுவுல மூடிருவாங்க. நாங்க ஜனவரியிலயே போயிட்டு வந்துருவோம்.”

“மழை வந்தா?”

“போறத ரத்து பண்ணிருவாங்க.”

“பாதி வழியில மழை வந்தா?”

மகள் நின்றாள். “அதக் கேக்கலப்பா. கேட்டுச் சொல்றேன்.”

தெரியாததைத் தெரியும் என்று அவள் சொல்லவில்லை. அந்தப் பதில்தான் அவருக்குப் பிடித்திருந்தது.

பத்து நாள்

திரும்பும் வழியில் அவருக்கு ஒரு கணக்கு இடித்தது.

“உனக்கு ஜனவரிக் கடைசியிலதான பொறந்தநாளு? பயணம் எப்போ?”

“அதுக்குப் பத்து நாள் முன்னாடி.”

“அப்ப பத்து நாள் தள்ளிப் போட்டா என் கையெழுத்தே வேண்டாமே?”

“வேண்டாம்தான். கிளாஸ்ல ஒருத்தி அதையும் சொன்னா. நான்தான் இந்தத் தேதியே இருக்கட்டும்னேன்.”

“ஏன்?”

“அதுக்கப்புறம் எங்க போறதுக்கும் உங்க கையெழுத்து தேவைப்படாதுப்பா. கடைசியா ஒரு தடவ வாங்கிக்கலாம்னு.”

அதன் பிறகு வீடு வரும்வரை இரண்டு பேரும் பேசவில்லை.

பிள்ளை வளர்வதை நாம் மொட்டை, காதுகுத்து, பள்ளிக்கூடம், சடங்கு, பரீட்சை, கல்லூரி என்று எண்ணிக்கொண்டு வருகிறோம். அதற்கெல்லாம் போட்டோ உண்டு, பத்திரிகை உண்டு, பந்தி உண்டு. தோளிலிருந்து இறங்கிய நாளுக்கும் கையை உருவிக்கொண்ட நாளுக்கும் போட்டோ இல்லை. கையெழுத்து தேவைப்படாமல் போகும் நாளும் அப்படித்தான் சத்தமில்லாமல் வரும். பெரும்பாலான வீடுகளில் அது வந்து போனதே தெரியாது. இந்த வீட்டில் பிள்ளையே வந்து சொல்லிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் அப்பா தாளை எடுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, தன் பெயரை முழுதாக எழுதிக் கையெழுத்திட்டார். பிறகு ஒரு காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கம் எழுதத் தொடங்கினார்.

பருத்திச் சட்டை, முழுக்கை. பிடிமானம் உள்ள பழகிய ஷூ, புதுசு வேண்டாம். தண்ணீர் இரண்டு பாட்டில், காலியானாலும் அதைக் காட்டில் போடக் கூடாது. தொப்பி, கைவிளக்கு, கடலைமிட்டாய். வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரை இருந்தால் அதுவும். வழிகாட்டிக்கு முன்னால் போகக் கூடாது, கடைசி ஆளுக்குப் பின்னால் தங்கக் கூடாது. இடி கேட்டால் மரத்தடியில் ஒதுங்கக் கூடாது. ஓடையில் தண்ணீர் கலங்கி வந்தால் கடக்கக் கூடாது, வடியும்வரை காத்திருக்க வேண்டும். யார் கையிலும் தீப்பெட்டி இருக்கக் கூடாது. டவர் கிடைக்காத இடத்துக்குள் போகுமுன் ஒரு மெசேஜ், வெளியே வந்ததும் ஒரு மெசேஜ்.

அம்மா எட்டிப் பார்த்தார். “ஏங்க, மருந்து ரூமுக்கு ஆள் அனுப்புற மாதிரியே எழுதுறீங்க?”

“எனக்குத் தெரிஞ்சது அதுதான” என்றார் அப்பா.

மகள் தாளை வாங்கிப் படித்துவிட்டு, கடைசி வரியை விரலால் காட்டினாள். “நீங்களும் வேலை முடிஞ்சு கேட்டைத் தாண்டினதும் தினமும் எனக்கு ஒரு மெசேஜ் போடணும். அப்பதான் நான் போடுவேன்.”

ஆலைகள் திறந்தன. வேன்கள் மறுபடி ஓடத் தொடங்கின. இப்போது தினமும் சாயங்காலம் கோவையில் ஒரு ஹாஸ்டல் அறையில் போன் ஒருமுறை சிணுங்குகிறது. ஒரே சொல்தான் வரும்: ‘வந்துட்டேன்’.