கை சும்மா, கவனம்?

‘காதுல ப்ளூடூத், கை ரெண்டும் ஸ்டியரிங்ல, கண்ணு ரோட்டுல. அப்புறம் என்ன சார்?’ என்று கேட்பவரா நீங்கள்? உங்களோடு ஒரு சண்டை பாக்கி.

கண் ரோட்டில் இருந்தால் போதாது. 2001-ல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் டிரின் மூர், மாஸ்யார் ஃபல்லா இருவரும், குரங்கு மூளையின் முன்பக்கத்தில் கண்ணைத் திருப்பும் பகுதிக்கு மெல்லிய மின்சாரம் கொடுத்தார்கள். கொஞ்சம் கூட்டினால் கண் சட்டென்று ஓரிடத்துக்குத் தாவும். இவர்கள் கொடுத்தது அதற்கும் குறைவு. கண் அசையவில்லை. ஆனால், அதே இடத்தில் ஒரு புள்ளி லேசாக மங்கினால், குரங்கு முன்பைவிட நன்றாகக் கண்டுபிடித்தது! 2003-ல் மூரும் கேதரின் ஆம்ஸ்ட்ராங்கும் இதையே செய்தபோது, மூளையின் பின்பக்கத்தில் ‘வி4’ என்ற பார்வைப் பகுதியின் நியூரான்கள் அங்கே தெரிந்த படத்துக்கு இன்னும் உரக்கப் பதில் சொல்லின.

ஆக, பார்வைக்கு ஒரு வால்யூம் குமிழ் இருக்கிறது. அது கண்ணில் இல்லை, மூளையில்.

அந்தக் குமிழை ஃபோன் பேச்சு என்ன செய்யும்? அதே 2001-ல் யூட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்ட்ரேயரும் வில்லியம் ஜான்ஸ்டனும் வண்டி ஓட்டுவது போன்ற ஒரு சோதனை வைத்தார்கள். பேசிக்கொண்டே செய்தவர்கள் சிக்னலைத் தவறவிட்டது இரு மடங்கு. ஃபோன் கையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வித்தியாசமில்லை.

நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தமோ கையில் பிடிக்கும் ஃபோனைத்தான் குறிவைக்கிறது. போலீஸ்காரர் உங்கள் கையைப் பார்ப்பார். குறுக்கே ஓடிவரும் குழந்தைக்குத் தேவை உங்கள் மூளை.

‘அப்புறம் கூப்பிடறேன்’ என்று சொல்ல எவ்வளவு நேரமாகும், சொல்லுங்கள்!