காயட்டும், விடுங்கள்

பேசின் பிரிட்ஜில் இத்தனை வருடம் குடியிருந்ததில் ரயில் சத்தம் எனக்குப் பழகிவிட்டது. வீட்டுச் சுவர்களுக்குத்தான் இன்னும் பழகவில்லை.

போன ஐப்பசியில் கூடத்தைத் தடுத்து ஜிப்சம் போர்டில் ஒரு சிறு அறை போட்டோம். தீபாவளிக்கு மகள் குடும்பம் வருவதாக இருந்தது. வேலைக்கு வந்த பையன், "ஜாயிண்ட்டுக்கு பேப்பர் டேப் ஒட்டி மூணு கோட்டு பூசணும் சார். ஒவ்வொண்ணும் காயணும். நாலு நாள் ஆவும்" என்றான். "டேப்பெல்லாம் எதுக்குப்பா? பட்டி பாத்து நாளைக்கே பெயிண்ட் அடிச்சிடு" என்றேன்.

தை மாதம் போர்டுகள் சேருமிடத்தில் ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல விரிசல். பாக்கி 500 ரூபாய் கேட்டு வந்தவனுக்குச் சுவரைக் காட்டி, வெறுங்கையோடு அனுப்பினேன்.

பிறகு ஒரு வயதான பெயிண்டர் விளக்கினார். பட்டி காய்ந்தால் கெட்டி. ஆனால் இழுப்பு தாங்காது. அதிர்விலும் வெயில் மழையிலும் போர்டுகள் மயிரிழை அசையும். அந்த இழுப்பைத் தாங்குவது டேப்தான். முதலில் ஜாயிண்ட் காம்பவுண்டைப் பூசி, ஈரத்திலேயே டேப்பைக் காற்றுக் குமிழி இல்லாமல் பதிக்க வேண்டும். காய்ந்தபின் அடுத்த பூச்சு முன்னதைவிட அகலமாக. அதற்கடுத்தது இன்னும் அகலமாக. கடைசியில் உப்புத்தாள். நம் ஊர் ஈரக்காற்றில், அதுவும் மழைக்காலத்தில், ஒரு பூச்சு காய ஒரு நாளுக்கு மேலேயே ஆகும்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். நம் ஆட்கள் 'பி.ஓ.பி.' என்கிறார்களே, அதன் கடைசி 'பி' பாரிஸ்தான். அங்கே மோன்மார்த்ர் குன்றில் வெட்டிய ஜிப்சத்தால் வந்த பெயர். 'எசுயே லெ பிளாத்ர்' என்று பிரெஞ்சில் ஒரு வழக்கு உண்டு. சுவர்ப்பூச்சைத் துடைப்பது என்று நேர்ப்பொருள். பூச்சு காயாத புது வீட்டில் முதலில் குடிபோய் அவதிப்படுவதிலிருந்து வந்தது. பத்து வயதில் மனப்பாடம் செய்தேன்; எழுபத்து நான்கில்தான் விளங்கியது.

பையனைக் கூப்பிட்டுப் பணத்தைக் கொடுத்தேன். "அன்னிக்கே சொன்னேனே சார்" என்று ஒரு வார்த்தை அவன் கேட்கவில்லை. அதுதான் உறைத்தது.

என் கருத்து இதுதான். காயும் நாட்களும் வேலை நாட்களே. அவற்றைப் பறித்துக்கொண்டு, விரிசலுக்கு வேலைக்காரன் கூலியில் கை வைப்பது அநியாயம். நாள் கணக்கை முன்னாலேயே பேசிக்கொள்ளுங்கள். விசேஷத்தைச் சொல்லி அவசரப்படுத்தாதீர்கள்.