வெயில் கீறிய முருங்கையிலை



கோடை இதழின் அட்டைக்கு வழமைபோல ஒரு பனைமரம் போடலாம் என்றுதான் இருந்தோம். அந்தப் பனையை நீங்களும் அறிவீர்கள். பிரதியிலிருந்து பிரதி எடுத்து எடுத்து, பனையா குடையா என்று கேட்கும் நிலைக்கு வந்துவிட்டது. எமது தமிழ்ப் பாடசாலைச் சிறுவர்களும் அதைப் பார்த்தே கீறுகிறார்கள். அவர்களில் அநேகர் பனையை நேரில் கண்டதில்லை. ஆகவே இம்முறை கீறுவதை விட்டு, கையில் கிடைக்கும் இலையையே வெயிலில் பதிப்பதென முடிவெடுத்தோம்.

முறை பழையது. 1842இல் ஜோன் ஹேர்ஷல் என்ற ஆங்கிலேய அறிஞர் கண்டுபிடித்தார். மறு வருடமே அன்னா அற்கின்ஸ் என்ற பெண்மணி கடற்பாசிகளை இப்படிப் பதித்து நூலாக வெளியிடத் தொடங்கினார். கட்டட வரைபடங்களை முன்பு நீலத்தில் பிரதி எடுத்ததும் இதே வழியில்தான்.

100 மி.லீ. தண்ணீரில் 25 கிராம் பெரிக் அமோனியம் சித்திரேற்று. வேறொரு 100 மி.லீ. தண்ணீரில் 10 கிராம் பொற்றாசியம் பெரிசயனைட்டு. கையுறை போட்டு, மங்கிய வெளிச்சத்தில் இரண்டையும் சம அளவாகக் கலந்து, தடித்த தாளில் பூசி, இருட்டில் காயவிட வேண்டும். (சமையல் பாத்திரம் வேண்டாம். அமிலங்களுக்குக் கிட்டவும் கொண்டுபோக வேண்டாம்.) தாளின் மேல் இலை, அதன் மேல் கண்ணாடி, பிறகு வெயில். வெயில் பட்ட இடம் நீலமாகும். இலை மறைத்த இடத்து மருந்து தண்ணீரில் கழுவுண்டு போக, அங்கே தாளின் வெள்ளை தெரியும். எமக்கு நல்ல வெயிலில் பத்து நிமிடம் போதுமாக இருந்தது. ஆனால் ஜேர்மனியில் முகிலுக்கா பஞ்சம்? ஒரு தாளுக்கு முக்கால் மணி நேரம் காவல் இருந்தோம்.

கடையில் வாங்கிய முருங்கைக் கொப்பு எம்மைப் படாதபாடு படுத்தியது. வாடியதும் இலைகள் கொட்டிவிட, முதல் தாளில் ஈர்க்கு மட்டுமே விழுந்தது. "வாங்கின உடன பேப்பருக்குள்ள வைச்சு மெத்தைக்குக் கீழ வைச்சிருக்கலாமே பிள்ளையள்" என்றார் ஓர் அம்மம்மா. அப்படியே செய்தோம். அப்போதும் சில உதிர்ந்தன. அவற்றை விழுந்த இடத்திலேயே விட்டோம், படம் அதனால்தான் உயிர் பெற்றது.

அந்நேரம் ஒரு சிறுமி மேப்பிள் இலையொன்றைக் கொண்டுவந்து, "இது எங்கட ரோட்டு மரம், இதையும் வைப்பமா?" என்றாள். தமிழ்ச் சஞ்சிகைக்கு மேப்பிளா என்று எமக்குள்ளேயே வாக்குவாதம். கடைசியில் வைத்தோம். ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தபோது இரண்டும் ஒரே வெள்ளைத் திட்டாகிவிட்டன. எனவே மேப்பிளைக் கொஞ்சம் தள்ளி, முருங்கைக்கு இடம் விட்டுப் பதித்தோம். முன்னட்டையில் நீங்கள் பார்ப்பது அந்த நாலாவது தாள்.

அடுத்த இதழுக்கு உங்கள் வீட்டு வாசல் இலையைப் பதித்து அனுப்புங்கள். சவர்க்காரத் தண்ணீர் மட்டும் படவிடாதீர்கள், நீலம் வெளிறிவிடும்.