பிறர் பணமும் நமது கடனும்

அயல்நாடுகளில் குழந்தை உழைப்பை ஒழிக்கவும் தொழிலாளர் உரிமைகளைக் காக்கவும் அமெரிக்கத் தொழில் இலாகா அளித்துவந்த உதவித்தொகைகள் 2025 மார்ச்சில் ரத்துச் செய்யப்பட்டன. சுமார் 40 நாடுகளில் நடந்த 69 திட்டங்கள் இதனால் நின்றன. மாகறல், உத்திரமேரூர் வாசிகள் இதைத் தமக்குச் சம்பந்தமில்லாத செய்தியென்று கருதலாகாது.

அந்த இலாகாவின் பணம் ஒரு காலத்தில் நமது ஜில்லாவுக்கே வந்ததுண்டு. அமெரிக்க, இந்திய ஸர்க்கார்கள் தலைக்கு 2 கோடி டாலர் ஒதுக்கி, சர்வதேசத் தொழில் ஸ்தாபனத்தின் மூலம் நடத்திய ‘இண்டஸ்’ திட்டத்துக்குத் தமிழ்நாட்டில் தெரிந்தெடுக்கப்பட்ட 5 ஜில்லாக்களில் காஞ்சிபுரம் ஒன்று. காரணம் வெளிப்படை. கோர்வைப் பட்டுச்சேலை நெய்வதற்கு, கரைக்குரிய நாடாவை எறிய இன்னொரு கை வேண்டும். முன்பணக் கடனில் மூழ்கி, ஆள் வைக்க வகையற்ற நெசவாளி, குழந்தையைத் தறியருகே உட்கார வைத்தான். அக்காட்சி இன்று வெகுவாகக் குறைந்திருப்பது மகிழ்ச்சிக்குரியது.

அன்னியர் உதவியைப் பெற்றதே அவமானம் என்பாருளர். நாம் அவ்வாறு கருதவில்லை. அதனால் பள்ளி சென்ற ஒவ்வொரு குழந்தையும் தேசத்துக்கு லாபமே. ஆனால் தர்மமாக வருவது, கொடுப்பவர் மனம் மாறினால் நின்றுவிடும். குழந்தையின் கல்வியோ தர்மமன்று. நாம் செலுத்த வேண்டிய கடன்.

அக்கடனை நாம் செலுத்துகிறோமா? 1988-இல் துவங்கிய தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் 2021-இல் சமக்ர சிக்ஷாவுடன் இணைக்கப்பட்டது. அதில் தமிழ்நாட்டுக்குரிய பணத்தையே, பி.எம். ஸ்ரீ பள்ளி ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லையென்று மத்திய ஸர்க்கார் 2024-இல் நிறுத்திவைத்தது. வாஷிங்டனைக் குறைகூறும் வாய் டில்லியையும் கேட்க வேண்டாமா? சட்டத்திலும் ஓட்டை உண்டு. 14 வயதுக்குட்பட்டோரை எவ்வேலையிலும் வைக்கலாகாது என்று 2016-இல் திருத்திய சட்டம், பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவலாமென்று விலக்களித்தது. தறி இருப்பதே வீட்டில்தானே!

அந்த வீட்டுக்குள் இன்ஸ்பெக்டரை அனுப்புவதைவிட நியாயமான கூலியை அனுப்புவதே மேல். கோர்வைச் சேலையின் கூலியைக் கணக்கிடும்போது, உடனுழைக்கும் இரண்டாவது ஆளின் முழுக் கூலியையும் சேர்த்துக் கொடுக்கக் கூட்டுறவுச் சங்கங்களும் வர்த்தகர்களும் முன்வர வேண்டும். அதை ஸர்க்கார் கட்டாயமாக்க வேண்டும். சேலையின் விலை சற்று உயரும். உயரட்டும். முகூர்த்தப் பட்டுக்குப் பேரம் பேசும் நாம், எவர் கூலியைக் குறைக்கிறோம் என்பதைச் சிந்திப்போமாக. நம் குழந்தைகளின் பள்ளிக்கூடம் பிறர் பணப்பையை நம்பி நிற்கலாகாது.