பவர் மீட்டர் வாங்கும் முன் கிராங்கைப் பாருங்கள்



கிராவல் சைக்கிள் ஓட்டும் உங்களில் சிலர், எந்தப் பவர் மீட்டர் நல்லது என்று கேட்கிறீர்கள். விலையையும் துல்லியத்தையும் பிறகு பாருங்கள்; முதலில் பொருத்தம்.

கிராங்கில் மாட்டுவதென்றால் அச்சின் அளவு சேர வேண்டும். ஷிமானோ ஜிஆர்எக்ஸ் அச்சு 24 மி.மீ.; ஸ்ராம் டப் அச்சு 28.99 மி.மீ. ஒன்றின் கை மற்றதில் ஏறாது. ஏறினாலும், கையின் உட்புறம் ஒட்டிய கருவி சட்டத்தில் உரசாமல் சுற்ற இடம் வேண்டும்.

என் கருத்தில் பெடல் மீட்டரே மேல். பெரியவர்களின் சைக்கிள்களில் பெடல் மரை பெரும்பாலும் 9/16 அங்குலம்தான். சைக்கிளை மாற்றினாலும் கழற்றிப் பூட்டலாம். கல்லில் இடிபடும் என்பது உண்மை. ஆனாலும் பொருந்தாத கிராங்கை வாங்கி அலைவதைவிடப் பரவாயில்லை. சேற்றில் இறங்கி நடக்க வேண்டியிருக்கும். எஸ்பிடி வகையே வாங்குங்கள்.

இடப்பக்கம் மட்டும் அளப்பது மலிவு. அது இடக்காலின் வாட்டை இரட்டித்துக் காட்டும். ஒரு காலில் அடிபட்டுத் தேறியவர்களுக்கு அந்தக் கணக்கு உதவாது.

சிலருக்கு இது ஒரு மாதச் சம்பளம். கிராங்கின் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்